தருமபுரிச் சாலைகளும் கார் ஏ.சி. கண்டன்சரும்: தேர்வும் மாற்றுதலும் குறித்த ஓர் ஆய்வு

கார் குளிர்சாதன அமைப்பின் உறுப்புகளுள் வண்டி ஓடும் ஊரின் வெயிலையும் புழுதியையும் கல்லையும் மிக நேரடியாகத் தாங்கிக்கொள்வது கண்டன்சர் ஆகும். கம்ப்ரஸர் எஞ்சினின் மறைவில் இருக்கிறது. பணிமனை வழக்கில் ‘கூலிங் காயில்’ எனப்படும் எவாப்ரேட்டர் டேஷ்போர்டுக்குள் அடங்கிவிடுகிறது. கண்டன்சரோ முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், மெல்லிய அலுமினியத் தகடுகளாக வெளிக்காற்றை எதிர்கொண்டு நிற்கிறது. ஆகவே ‘எந்தக் கண்டன்சர் நல்லது’ என்னும் கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை இருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு முன்பே, பழையது ஏன் பழுதானது, புதியதை எம்முறையில் பொருத்தப் போகிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளும் எழுப்பப்பட வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் சூழலை வைத்து ஆராய்ந்தால், உறுப்பின் பிராண்டைவிட இவ்விரண்டு கேள்விகளுக்கான விடையே புதிய கண்டன்சரின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது புலனாகும்.

கண்டன்சரின் வேலையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிய குளிரூட்டி வாயுவைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடான, உயர் அழுத்த வாயுவாக அனுப்புகிறது. அந்த வாயு கண்டன்சரின் குழாய்களில் ஓடும்போது வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் குறுகிய வழியில் புகுந்து அழுத்தம் இழந்து, எவாப்ரேட்டரில் மீண்டும் ஆவியாகி உட்காற்றைக் குளிர்விக்கிறது. எவாப்ரேட்டர் உறிஞ்சிய வெப்பத்தோடு கம்ப்ரஸர் செலவிட்ட ஆற்றலையும் சேர்த்து வெளியேற்ற வேண்டிய பொறுப்பு கண்டன்சருடையது என்பதால், 4 கிலோவாட் அளவு குளிர்ச்சி தரும் சிறு காரில்கூட அது ஏறத்தாழ 5 முதல் 6 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. வெப்பம் வெளியேற வேண்டுமானால் குளிரூட்டி வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். இன்று பெரும்பாலான இந்தியக் கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் குளிரூட்டி 50 டிகிரி செல்சியஸில் திரவமாக ஏறத்தாழ 175 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், 60 டிகிரியில் திரவமாக 230 பி.எஸ்.ஐ. அளவு வேண்டும், 70 டிகிரிக்குப் போனால் அது 290 பி.எஸ்.ஐ.யைத் தாண்டுகிறது. கண்டன்சர் வழியே செல்லும் காற்று குறையக் குறையக் கம்ப்ரஸர் இந்த ஏணியில் மேலே ஏற நேர்கிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது, குளிர்ச்சி குறைகிறது, சீல்களும் குழல்களும் தளர்கின்றன.

கோடையில் தருமபுரியின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டியும் சில ஆண்டுகளில் அதைக் கடந்தும் நிற்பது வழக்கம். வானிலை நிலையம் நிழலில் அளந்து சொல்லும் அந்த எண்ணைவிட, தார்ச்சாலையின் சூட்டையும் முன்னே நிற்கும் லாரியின் புகைச்சூட்டையும் சேர்த்து வாங்கும் கார் முகப்பின் வெப்பம் மேலும் அதிகம். இதனுடன் மாவட்டத்தின் நில அமைப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். சேலத்திலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் ஏறித்தான் தருமபுரியை அடைகிறது. வத்தல்மலை ஏற்றத்திலும் ஒகேனக்கலிலிருந்து பென்னாகரத்துக்கு ஏறும் மலைப்பாதையிலும் வண்டிகள் குறைந்த கியரில் மெதுவாகவே நகர முடியும். வேகம் குறைந்தால் ஓட்டத்தால் தானே வரும் காற்றும் குறைந்துவிடுகிறது; எஞ்சினின் சுமையோ உச்சத்தில் இருக்கிறது; கண்டன்சர் கக்கும் சூடு நேரே பின்னாலுள்ள ரேடியேட்டருக்குள் போகிறது. சமவெளியில் பல ஆண்டுகள் குறை காட்டாத கண்டன்சரின் பலவீனத்தை ஒரே ஏற்றம் வெளிப்படுத்திவிடுவது இதனால்தான்.

இந்த உறுப்பு இன்றைய வடிவத்தை அடைந்த வரலாறு, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதோடு நேரடித் தொடர்புடையது. 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாடல்களில் தொழிற்சாலையிலேயே பொருத்திய குளிர்சாதனத்தை வழங்கத் தொடங்கியது முதல், பல பதிற்றாண்டுகள் கார்களில் ஆர்-12 என்னும் குளிரூட்டியே ஆண்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது உறுதியானபின் 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் கார்கள் ஆர்-134ஏவுக்கு மாறின. புதிய குளிரூட்டி உயர் வெப்பத்தில் பழையதைவிடக் கூடுதல் அழுத்தம் கேட்டதால், வளைந்து வளைந்து ஒரே பாதையாகச் செல்லும் பழைய குழாய்க் கண்டன்சர்கள் போதாமற்போயின. அவற்றின் இடத்தைப் பிடித்தது இணைவோட்டக் கண்டன்சர்: இரு பக்கமும் நிற்கும் தூண் குழாய்களுக்கு இடையே பல தட்டைக் குழாய்கள் கிடைமட்டமாகச் செல்ல, ஒவ்வொரு தட்டைக் குழாயும் உள்ளே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பல நுண்வழிகளாகப் பிரிந்திருக்கும். வெப்பத்தை வெளியேற்றுவதில் இது மிகச் சிறந்தது. ஆனால் உள்ளே துகள் புகுந்தால் அதைக் கழுவி வெளியேற்றுவது நடைமுறையில் இயலாது. பின்னர் வந்த வகையில், ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடங்கிய டிரையரும் கண்டன்சரின் பக்கத்தூணோடு ஒட்டியே வருகிறது. அதன் அடிவரிசைக் குழாய்கள் ஏற்கெனவே திரவமான குளிரூட்டியை மேலும் சில டிகிரி குளிர்விக்கின்றன. பழைய வகையை வைத்துப் பழகிய கைகள் புதிய வகையிலும் அதே முறையைக் கையாள்வதுதான் இன்று காணப்படும் பல பழுதுகளுக்கு வேர்.

கண்டன்சர் பழுதாகும் வழிகளில் சில மட்டுமே கண்ணுக்குத் தெரிபவை. நெடுஞ்சாலையில் முன் வண்டியின் சக்கரம் எற்றிய கல் தட்டைக் குழாயைத் துளைத்தால், துளையைச் சுற்றி எண்ணெய்ப் பசையும் அதில் படிந்த கருந்தூசியும் தென்படும். கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் உள்ள பகுதிகளில் ஓடும் வண்டிகளில் நுண்தூசி தகடுகளுக்கிடையே மாவு போல் இறுகுகிறது. மழைக்காலத் தொடக்க இரவுகளில் விளக்கொளிக்கு வரும் ஈசலும் பூச்சிகளும் நசுங்கி அந்தத் தூசிக்குப் பசையாகின்றன. பலரும் அறியாதது, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சேரும் குப்பை. முன்னாலிருந்து பார்த்தால் தகடுகள் பளிச்சென்று தெரியும். பின்னே காற்றுவழி அடைபட்டிருக்கும். இத்தகைய வண்டியில் கண்டன்சரை மாற்றுவது வீண்செலவு. இரண்டையும் பிரித்து இடையைக் கழுவினாலே போதும்.

எனவே, மாற்றுவதற்கு முன் நடக்க வேண்டிய சோதனை இந்த ஆய்வில் முதலிடம் பெறத்தக்கது. வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலிலோ சுங்கச்சாவடியிலோ நிற்கும்போது குளிர்ச்சி மங்கினால், ஐயம் முதலில் விழ வேண்டியது கண்டன்சர் மீதன்று, அதன் மின்விசிறி மீது. மோட்டாரின் கார்பன் தேய்ந்து விசிறி மெதுவாகச் சுற்றுவதும், இரு வேக விசிறியில் உயர்வேக ரிலே இயங்காமற்போவதும் மிகச் சாதாரணம். இரு பக்க அழுத்தமானிகளையும் இணைத்துப் பார்க்கையில் இரண்டுமே குறைவாக இருந்தால் வாயு கசிந்திருக்கிறது எனலாம். இரண்டுமே மிகுதியாக இருந்தால் காற்றோட்டக் குறை, அளவுக்கு மீறிய வாயு, குழாய்க்குள் புகுந்த காற்று ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகும். அவற்றுள் எது என்பதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: இயங்கிக்கொண்டிருக்கும் கண்டன்சர் மீது தண்ணீரைத் தூவினால் உயர் அழுத்தம் சட்டெனச் சரிந்து குளிர்ச்சி மேம்படுமானால், வெப்பம் வெளியேறுவதில்தான் குறை இருக்கிறது என்று கொள்ளலாம். கண்டன்சரின் நுழைவாயிலிலிருந்து வெளிவாய் வரை வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். இடையில் ஓரிடத்தில் திடீரெனச் சில்லிட்டால் அங்கே உள்ளடைப்பு உள்ளது. கசிவைக் கண்டறிய நைட்ரஜன் வாயுவை ஏற்றிச் சோப்பு நீர் தடவுவதும், புற ஊதா ஒளியில் மிளிரும் சாயத்தைச் செலுத்துவதும், மின்னணுக் கசிவுமானியைப் பயன்படுத்துவதும் நம்பத்தக்க முறைகள். காற்றழுத்த கம்ப்ரஸரிலிருந்து வரும் சாதாரணக் காற்றை ஏற்றிச் சோதிப்பது அமைப்புக்குள் ஈரத்தைப் புகுத்துவதால் அறவே கூடாது.

இந்தச் சோதனைகளைத் தாண்டிச் செல்லும் ‘கேஸ் டாப்-அப்’ என்னும் பழக்கம், இவ்வாய்வில் கடுமையாக மறுக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு மார்ச்சு மாதமும் வாயு ஏற்றிக்கொள்வது எண்ணெய் மாற்றுவது போன்ற வழக்கமான பராமரிப்பு என்று கார் உடைமையாளர் பலர் நம்புகின்றனர். குளிரூட்டி எரிந்து தீரும் பொருளன்று. ஒரே ஆண்டில் குளிர்ச்சி போகுமளவு குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவோடு எண்ணெயும் வெளியேறுவதால், வாயுவை மட்டும் ஏற்றி ஏற்றி ஓட்டப்படும் வண்டியில் கடைசியில் கம்ப்ரஸரே உராய்ந்து போகிறது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிறது. சுற்றுச்சூழல் கணக்கும் சிறிதன்று. நூறாண்டுக் கணக்கில் ஆர்-134ஏ, கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. ஆகவே காற்றில் கலந்த 500 கிராம், ஏறத்தாழ 715 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகிறது. இது 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016இல் கிகாலியில் ஏற்கப்பட்ட திருத்தத்தை 2021இல் உறுதிசெய்த இந்தியா, இவ்வகைக் குளிரூட்டிகளின் பயன்பாட்டை 2028இல் உறையவைத்து 2032 முதல் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் வாயு இனியும் மலிவாகவே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

கசிவு கண்டன்சரில்தான் என்று உறுதியானால், அடைப்பதா மாற்றுவதா என்னும் வினா எழுகிறது. குழாய் இணையும் தடித்த முகப்பில் கசிந்தால் தேர்ந்த கையால் செய்யப்படும் ஆர்கான் வெல்டிங் தாங்கக்கூடும். நுண்வழித் தட்டைக் குழாயில் துளை விழுந்தால் வெல்டிங் அதன் வழிகளையே அடைத்துவிடும். அருகிலுள்ள மெல்லிய தகடுகளின் பற்றவைப்பும் அச்சூட்டில் தளரும். பிசின் தடவி அடைப்பது 230 பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் முன் நெடுநாள் நில்லாது. வாயுவோடு சேர்த்துச் செலுத்தும் கசிவடைப்பான் திரவங்கள் எக்ஸ்பான்ஷன் வால்வையும் பணிமனையின் எந்திரத்தையும் சேர்த்தே அடைப்பவை. கம்ப்ரஸர் உடைந்து உலோகத்தூள் பரவிய வண்டியில் கண்டன்சர் கசியாமல் இருந்தாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். இல்லையேல் நுண்வழிகளில் தங்கிய தூள் புதிய கம்ப்ரஸரையும் தின்றுவிடும்.

தேர்வுக்கு வருவோமானால், தருமபுரியில் பொதுவான மாடல்களுக்கே உறுப்பு கையிருப்பில் கிடைக்கும். மற்றவற்றுக்குச் சேலத்திலிருந்தோ பெங்களூரு ஜே.சி. சாலையிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிப்பாகச் சந்தையிலிருந்து கழற்றிய கண்டன்சரைக் கொண்டுவருவோரும் உண்டு. பழையதை வாங்குவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. வாய் திறந்தபடி கிடந்த கண்டன்சரின் டிரையர் மணிகள் ஈரத்தால் நிறைந்திருக்கும். உள்ளே என்ன துகள் இருக்கிறது என்று வெளியிலிருந்து அறியவும் வழியில்லை. புதியவற்றுள் மூன்று தரம் உண்டு: கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அந்நிறுவனத்துக்கு வழங்கும் உற்பத்தியாளரே தன் பெயரில் விற்பது, பிறர் அளவெடுத்துச் செய்வது. 1985இல் தொடங்கப்பட்ட சுப்ரோஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் டென்சோ, ஹனான், மாலே, வாலியோ போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் இத்துறையில் கார் தொழிற்சாலைகளுக்கே வழங்குபவை. ஆகவே இரண்டாம் தரத்தை வாங்குவதில் இழப்பு பெரும்பாலும் இல்லை, விலையும் குறைவு. சிக்கல் மூன்றாம் தரத்தில்தான். கண்டன்சர் முகப்பின் அகலமும் உயரமும் ஒத்திருந்தாலும், குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தும் 16 மில்லிமீட்டர் ஆழமுள்ள மையப்பகுதியை 12 மில்லிமீட்டராக்கியும் உலோகத்தை மிச்சப்படுத்தியவை சந்தையில் உண்டு. அவை மார்கழியில் குறை காட்டா. சித்திரையில் தொப்பூர் ஏற்றத்தில் காட்டும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் குழாய்களை எண்ணுவதும், ஆழத்தை அளப்பதும், இரண்டையும் தராசில் நிறுத்துப் பார்ப்பதும் வாங்குவோர் எவராலும் செய்யக்கூடிய சோதனைகளே. இதற்கு மாறாக, தகடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்னும் கருத்தும் தவறு. தகடு நெருங்கினால் வெப்பம் வெளியேறும் பரப்பு கூடுவது உண்மையே ஆயினும், கிரஷர்ச் சாலையில் ஓடும் வண்டியில் அது விரைவில் அடைபடும் என்பதால், வண்டி வந்தபோது இருந்த நெருக்கத்தையே பின்பற்றுவது நலம்.

பொருத்தும் முறையில் ஏற்படும் பிழைகளே மிகுந்த கேடு விளைவிப்பவை. எஞ்சிய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்பு எந்திரத்தால் எடுக்க வேண்டும். குழாய்களைக் கழற்றிய உடனே இரு முனைகளையும் மூட வேண்டும். விபத்துக்குள்ளான வண்டிகளில் இது மிக முக்கியம்: தொப்பூரில் முன்பக்கம் இடித்த வண்டி, காப்பீட்டு சர்வேயர் வரும்வரை நாள்கணக்கில் திறந்த குழாய்களோடு நிற்கையில், டிரையர் காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் குடித்துவிடுகிறது. அந்த ஈரம் பின்னர் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகி உள்ளிருந்தே அலுமினியத்தை அரிக்கும். எனவே கண்டன்சரோடு டிரையரையும், கழற்றிய ஒவ்வோர் இணைப்பின் ஓ-ரிங்கையும் புதிதாக்குவது கட்டாயம். ஓ-ரிங்கில் அமைப்புக்குரிய எண்ணெயையே தடவ வேண்டும், கிரீஸ் ஆகாது. பழைய கண்டன்சரில் தங்கிப்போன எண்ணெய்க்கு ஈடாக, உற்பத்தியாளர் குறித்த அளவை, பொதுவாக 30 முதல் 40 மில்லி வரை, சேர்க்க வேண்டும்.

அடுத்தது வேக்கம், அதாவது குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சுவது. அழுத்தம் போதிய அளவு குறைந்தால் நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும் என்பதே இதன் அடிப்படை. 30 டிகிரி வெப்பத்தில் அதற்கு அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது பயனற்றது. அரைமணி நேரமாவது ஓட்டி, பின் பம்பை நிறுத்தி முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே தருமபுரிக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. பயிற்சி நூல்கள் கடல்மட்டத்தைக் கொண்டு 29 அங்குலப் பாதரசத்துக்கு மேற்பட்ட வேக்கம் வேண்டும் என்கின்றன; கடல்மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர் உயரத்திலுள்ள தருமபுரியில் காற்றழுத்தமே குறைவு என்பதால், எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் முள் ஏறத்தாழ 28¼ அங்குலத்தைத் தாண்டாது. சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஓசூரில் அது 27ஐ ஒட்டியே நிற்கும். இதை அறியாதவர் கசிவு இருப்பதாக மயங்கக்கூடும். இதையே சாக்காக்கி 25 அங்குலத்தில் நிறுத்திவிடுவோரை நம்பவும் கூடாது.

வாயுவை ஏற்றுவது எடைபோட்டுத்தான் இருக்க வேண்டும். பானெட்டின் அடியில் ஒட்டிய சீட்டில் இத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். நுண்வழிக் கண்டன்சர் கொள்ளும் மொத்த அளவே குறைவு என்பதால் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு தெரியும். ‘கண்ணாடியில் குமிழி மறையும்வரை’, ‘குழாய் சில்லிடும்வரை’ என்னும் பழைய அளவுகள் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தா. வாயுவின் தூய்மையும் கருதத்தக்கது. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கப்பல் பெட்டகங்கள் வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்ததற்கு, ஆர்-134ஏ என்னும் பெயரில் கலப்படமாக ஏற்றப்பட்ட மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணமாயிற்று. காரின் கண்டன்சரும் அலுமினியமே. விலை ஐயப்படும் அளவு மலிவான வாயு உருளையை ஏற்க மறுக்கும் உரிமை வண்டியுடையாருக்கு உண்டு.

பராமரிப்பில் சொல்ல வேண்டியது கொஞ்சமே. சர்வீஸ் ஸ்டேஷனின் உயர் அழுத்தப் பீச்சு தகடுகளை மடக்கிவிடும்; குழாய் நீரை மெல்லப் பாய்ச்சினால் போதும். மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. கண்டன்சருக்குப் பகையாவது ஃப்ளோரைடன்று, ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் மற்ற உப்புகளே. சூடான தகட்டில் அந்நீர் உலர்ந்தால் வெண்படிவம் விடும் ஆதலால், எஞ்சின் ஆறியபின் கழுவுவதே முறை. கல்லடிக்கு அஞ்சிக் கொசுவலை கட்டுவது காற்றைத் தடுக்கும். அகன்ற கண்ணுள்ள கம்பிவலை அத்தீங்கு செய்யாது.

செலவைப் பொறுத்தவரை, விபத்தில் கண்டன்சர் உடைந்தால் காப்பீடு உதவும். ஆனால் ஐந்து முதல் பத்தாண்டு வயதுள்ள வண்டியில் உலோக உறுப்புகளுக்கு 40 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும், வாயுவின் விலையோ தனிச் சேர்க்கை எடுத்திராவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. உறுப்பு எண்ணும் ஏற்றிய வாயுவின் எடையும் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குவது வெறும் சடங்கன்று. போலிப் பொருளோ குறையுள்ள பணியோ தரப்பட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருப்பின் கட்டணமும் இல்லை. அந்த ரசீதின்றி வழக்குக்கு அடித்தளம் அமைவது கடினம்.

இத்துறையின் சுமை இனிக் கார்களோடு நிற்கப் போவதில்லை. நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. வேண்டும் என்னும் ஒன்றிய அரசின் விதி 2025 முதல் புதிய வண்டிகளுக்கு நடைமுறையாகியிருப்பதால், 44ஆம் நெடுஞ்சாலையோரப் பணிமனைகளுக்குக் கண்டன்சர் வேலை பெருகும். 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சேவைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தர இலக்கு வைத்தது. அத்தகைய பயிற்சி பெருநகரங்களோடு நின்றுவிடாமல் அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களின் சிறு பணிமனைகளுக்கும் வந்தாக வேண்டும். மின்கார்களின் வரவு இத்தேவையை மேலும் கூர்மையாக்குகிறது. பல மின்கார்களில் அதே கண்டன்சர்தான் பேட்டரியின் வெப்பத்தையும் வெளியேற்றுகிறது. அவற்றின் மின்கம்ப்ரஸருக்கு மின்காப்புத் திறனுள்ள பி.ஓ.இ. வகை எண்ணெய் வேண்டும். பெட்ரோல் கார்களுக்குரிய பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறைந்து, வண்டியின் பாதுகாப்பு அமைப்பே மின்னோட்டத்தைத் துண்டித்துவிடக்கூடும். ஆகவே பெட்ரோல் காருக்கு வாயு ஏற்றிய எந்திரத்தையும் குழல்களையும் கழுவாமல் அடுத்த மின்காரில் இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிக் குழல்கள் வைத்திருப்பதே பாதுகாப்பு.